நாகர்கோவில்: தங்கிப் பார்க்க வேண்டிய ஊர்

கன்னியாகுமரி முனைக்கு வடமேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட வயல்வெளியில் அமைந்தது நாகர்கோவில். கன்னியாகுமரி மாவட்டத்தின் தலைநகரம், 2019-இல் மாநகராட்சியானது. கன்னியாகுமரியில் சூரிய உதயம் காண வருவோரில் பலர் இங்கே பேருந்து மாறுவதோடு சரி. இரண்டு நாள் தங்கியவர்களோ மறுபடி வரக் காரணம் தேடுவார்கள். அவர்களை இழுப்பது ஒரு தனிக் காட்சியன்று. இந்த ஊரின் மழையும் சாப்பாடும் பேச்சும்தான்.

தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் பகுதி இது. தமிழகத்தின் பிற ஊர்கள் பலவும் வெயிலில் காயும் ஜூன் மாதத்தில் இங்கே சாரல் விழும். கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் நெல் விளைந்ததால்தான் இவ்வட்டாரமான நாஞ்சில் நாடு நெற்களஞ்சியம் எனப் பெயர் பெற்றது. 1906-இல் முடிந்த பேச்சிப்பாறை அணை அந்த விளைச்சலுக்கு உறுதி தந்தது. இன்று வயல்களில் பாதிக்கு மேல் தென்னையும் வாழையும் வீட்டுமனையும் வந்துவிட்டதாக ஊரார் குறைபடுவார்கள்; நகரத்தை விட்டு வெளியேறும் எந்தச் சாலையில் போனாலும் அந்தக் குறையில் நியாயம் உண்டென்று தெரியும்.

நகரத்தின் ஒரு பகுதியான கோட்டாறு, நகரத்தைவிட மூத்தது. கிரேக்க அறிஞர் தாலமியின் நூலிலேயே இடம்பெற்ற வணிகத்தலம். நாகராஜா கோயிலில் கருவறையின் கூரை இன்றும் ஓலையால் வேயப்பட்டது. அங்குள்ள ஈர மண்ணே பிரசாதம். ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் நாகர் சிலைகளுக்குப் பால் ஊற்றக் கூட்டம் அலைமோதும். அதே கோயிலின் தூண்களில் பார்சுவநாதர், மகாவீரர் உருவங்களும் உள்ளன. சமண வழிபாட்டின் தடத்தை அழிக்காமல் வைத்திருக்கும் இந்தக் கோயிலை அவசரமாகச் சுற்றிவிட்டு வருவது வீண்.

திருவிதாங்கூர் ஆட்சியின் எச்சம் எங்கும் தென்படும். மணிமேடை என்னும் மணிக்கூண்டை 1893-இல் மன்னர் மூலம் திருநாள் திறந்துவைத்தார். லண்டன் மிஷனரிகளின் கல்விப்பணியிலிருந்து வளர்ந்த ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியும் அதே ஆண்டில் கல்லூரி நிலை பெற்றது. நேசமணி முன்னின்று நடத்திய போராட்டத்தின் பயனாக 1956 நவம்பர் 1 அன்று இப்பகுதி தமிழகத்துடன் இணைந்தது. ஆட்சி மாறினாலும் நாக்கு மாறவில்லை. அவியல், எரிசேரி, புளிசேரி, தீயல் ஆகியவை இங்கே விருந்தாளிக்கான சிறப்பு உணவுகளல்ல, வீட்டுச் சமையல். மரச்சீனிக் கிழங்கை வேகவைத்து மீன்கறியோடு உண்பது ஏழை, பணக்காரர் எல்லாருக்கும் பொது. தேநீர்க் கடைகளில் ரசவடை கிடைக்கும். வெளியூர்க்காரர் அதைச் சாம்பார் வடையோடு ஒப்பிட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார்! பனைப் பருவத்தில் அக்கானி எனப்படும் பதநீர், பிறகு கருப்பட்டி. கட்டாயம் சுவைக்க வேண்டியது மட்டிப்பழம்: சிறியது, மணமுள்ளது, 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. நாள்பட்டால் கறுத்துவிடும் என்பதால் வந்த இடத்திலேயே தின்பதுதான் உத்தமம். நகரின் வடசேரிப் பகுதியில் செய்யப்படும் கோயில் நகைகளுக்கும் இதே குறியீடு உண்டு; பரதநாட்டிய மேடைகளில் மின்னுபவை இவையே.

இந்த ஊருக்கு வராமலேயே இதை நேசித்தவர்களும் உண்டு, அவர்கள் வாசகர்கள். எழுத்தாளர் சுந்தர ராமசாமி இங்கேயே ஜவுளிக்கடை நடத்தி, இங்கேயே எழுதினார். 1966-இல் வெளிவந்த அவரது ‘ஒரு புளியமரத்தின் கதை’ நாவலைப் படித்தவர்கள் வேப்பமூடு சந்திப்பில் இறங்கியதும் மரத்தைத் தேடுவது வழக்கம். அவர் 1988-இல் தொடங்கிய ‘காலச்சுவடு’ இதழ் இன்றும் இங்கிருந்தே வருகிறது. தேரூர் கவிமணி, பூதப்பாண்டி ஜீவா, வீரநாராயணமங்கலம் நாஞ்சில் நாடன் எல்லாரும் சுற்றுவட்டாரத்தினர். ஒழுகினசேரி தந்த நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனுக்கு நகருக்குள் சிலை இருக்கிறது. இவ்வளவு சிறிய வட்டாரத்தில் இத்தனை எழுத்து எப்படி என்று கேட்டால், முன்னரே பரவிய பள்ளிக்கல்வியைச் சுட்டுவார்கள். அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. மலையாளமும் தமிழும் அருகருகே புழங்கிய இடத்தில் பேச்சுக்கே ஒரு கூர்மை வந்துவிடுகிறது.

அருகிலுள்ள இடங்களுக்கு அரைநாள் போதும். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் பதினெட்டு அடி ஆஞ்சநேயரையும் இசைத்தூண்களையும் காணலாம். தக்கலை அருகே, மரவேலைப்பாடு மிகுந்த பத்மநாபபுரம் அரண்மனை தமிழக மண்ணில் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் உள்ளது. தோவாளைப் பூச்சந்தைக்கு விடியும் முன்னரே போய்விட வேண்டும். முட்டம் கடற்கரையை பாரதிராஜா படங்கள் வழியாகப் பலர் ஏற்கெனவே அறிவர்.

1979-இல் திருவனந்தபுரம் வழியாகவும், 1981-இல் திருநெல்வேலி வழியாகவும் ரயில் வந்தது. இன்று சென்னையிலிருந்து நேரடி வண்டிகள் உண்டு. சாரலை விரும்புவோர் ஜூன், ஜூலையில் வரலாம்; மழைக்கு அஞ்சுவோருக்கு ஜனவரி, பிப்ரவரி ஏற்றவை. தங்கும் அறையை வடசேரி பேருந்து நிலையத்தை ஒட்டி எடுத்துக்கொண்டால், விடியலுக்கு முன் பேருந்தேறி கன்னியாகுமரியின் உதயத்தையும் பார்த்துவிட்டுக் காலை உணவுக்குத் திரும்பிவிடலாம்.