கயிறு தளரும் கணம்

குதிரைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதைப் பற்றி எழுதப் பள்ளிக்கூட உபாத்தியாயருக்கு என்ன யோக்கியதை என்று நேயர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நாம் குதிரை ஏறியவரல்லர். இனி ஏறும் உத்தேசமும் இல்லை. ஆனால் இருபது வருஷமாகச் சாக்குக்கட்டி பிடித்தவருக்கு, பாடம் நடக்கும் இடம் எதுவானாலும் சற்று நின்று பார்க்கத் தோன்றும்.

நண்பர் ஒருவருடைய தோட்டத்தில் ஒரு வாரம் காலைதோறும் அப்படி நின்றோம். அந்தியூரில் ஆடி மாதத்துக் குருநாதசுவாமி திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் வாங்கி வந்த இரண்டு வயதுப் பெட்டைக் குட்டி அது. சேணம் அறியாதது, கை பட்டால் தோல் துடிக்கும். முதுகில் ஆள் ஏற இன்னும் ஒரு வருஷமாவது ஆகவேண்டும். பழக்க வந்த பெரியவரிடம் சவுக்கு இல்லை. ஒரு தலைக்கயிறுதான் இருந்தது.

அவர் நேர் எதிரிலிருந்து குட்டியை அணுகவில்லை. தோள் பக்கமாகவே வந்தார். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருக்கின்றன. சுற்றுமுற்றும் அநேகமாக எல்லாம் தெரியும். மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் இருப்பது மட்டும் தெரியாது.

முதல் பாடம் ஒரே ஓர் அடி. பெரியவர் கயிற்றை மெல்லப் பக்கவாட்டில் இழுத்தார். குட்டி கழுத்தை விறைத்துக்கொண்டு பின்வாங்கியது. அவர் பலமாக இழுக்கவுமில்லை, விட்டுவிடவுமில்லை. அதே அளவில் பிடித்துக்கொண்டு நின்றார். சிறிது நேரத்தில் ஒரு முன்னங்கால் அவர் பக்கமாக நகர்ந்தது. அந்தக் கணமே கயிறு தளர்ந்தது; அவர் கை பிடரியைத் தடவிக் கொடுத்தது. மூன்றாம் நாள், கயிறு விறைப்பதற்கு முன்பே குட்டி திரும்பிற்று. பின்வாங்குவதையும், விலாவில் விரல் பட்டால் விலகுவதையும் இதே விதமாகவே கற்றுக்கொண்டது.

"இழுத்ததால்தானே வந்தது?" என்று கேட்டோம்.

"இழுத்தா அதுக்கு ஒண்ணும் புரியாதுங்க, வாத்தியாரையா. வந்த உடனே விட்டாத்தான், 'ஓகோ, இதைத்தான் கேட்டானா'ன்னு புரியும்" என்றார்.

ஈ உட்கார்ந்தாலே உணரும் தோல் குதிரையுடையது. அடி எடுத்து வைத்த பிறகும் கயிறு தளராவிட்டால், பதில் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று அது தெரிந்துகொள்கிறது. நாளடைவில் கடிவாளத்துக்கு வாய் மரத்துப்போகிறது. முரட்டுக் குதிரை என்று பெயர் வைத்து, இன்னும் கடுமையான கடிவாளத்தைத் தேடுகிறார்கள்.

குதிரை நம்மை எவ்வளவு கூர்ந்து கவனிக்கிறது என்பதற்கு ஜெர்மனியில் ஓர் அத்தாட்சி உண்டு. பெர்லின் நகரில் வான் ஆஸ்டன் என்ற ஓய்வுபெற்ற உபாத்தியாயர் ஹான்ஸ் என்னும் குதிரைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். அது குளம்பைத் தட்டி விடை சொல்லிற்று, ஊரே வியந்தது. 1907-ஆம் வருஷத்தில் ஆஸ்கார் புஃங்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் உண்மையைக் கண்டுபிடித்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸுக்கும் தெரியவில்லை! சரியான எண் வந்ததும் கேட்பவருடைய தலை தம்மையறியாமல் ஒரு நூலளவு நிமிரும். அதைக் கண்டு குதிரை நிறுத்திவிடும். ஹான்ஸுக்குக் கணக்கு வரவில்லைதான். ஆனால் வாத்தியாரை அது கரைத்துக் குடித்திருந்தது.

2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டம் பள்ளிக்கூடத்தில் பிரம்பை விலக்கியது. தளராத கயிறோ எந்தச் சட்டத்தின் கண்ணிலும் படாது. பையன் ஒரு பதில் சொன்னால் உடனே அடுத்த கேள்வி. தொண்ணூறு வாங்கினால், மீதிப் பத்து எங்கே? இதைப் பள்ளியிலும் கேட்கிறார்கள், வீட்டிலும் கேட்கிறார்கள்.

வேறோர் ஊர்ப் பள்ளியிலிருந்து நம் வகுப்புக்கு வந்த ஒரு சிறுவன் மூன்று மாதமாக வாய் திறக்கவில்லை. தோட்டத்தில் அந்த வாரம் கழிந்தபின், அவனிடம் சுலபமான கேள்வி ஒன்று கேட்டுவிட்டுக் காத்திருந்தோம். வகுப்பு சிரித்தது, நாம் அவசரப்படவில்லை. கடைசியில் ஒரு சொல் வந்தது. "சரி அப்பா, உட்கார்" என்றோம். அன்று அவனிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

இப்போது வாரத்துக்கு இரண்டு தடவையாவது அவனாகவே கை தூக்குகிறான். விடை பெரும்பாலும் தப்புத்தான். அதற்கென்ன? கணக்கைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.