நாற்பத்தெட்டாவது வயது

இக்கட்டுரையின் பொருளைக் கண்டதும் முகஞ் சுளிக்கும் அன்பர்கள் சிலர் இருப்பர் என்பதை நாம் அறிவோம். பெண்பிள்ளை சாமத்தியப்பட்டால் ஊரை அழைத்து, பந்தலிட்டு, பலகாரம் பரிமாறி, படமும் பிடித்துக்கொள்ளும் எமது சமுதாயம், அதே உதிரம் நின்றுபோகும் காலத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. அந்த மௌனத்தை நாமும் பல ஆண்டுகள் கட்டிக் காத்தோம். அதனாற்றான் இப்போது எழுதுகின்றோம்.

2019 ஆம் ஆண்டு எமக்கு வயது 48. அதுவரை பிசகாது வந்துகொண்டிருந்த மாதவிலக்கு, ஒருமுறை 17 ஆம் நாளே வந்தது. பின்னர் 53 நாட்கள் வரவில்லை. அப்பாடா, முடிந்தது என்று மனம் ஆறியிருக்கையில் மீண்டும் தொடங்கி 23 நாட்கள் நிற்காமற் போயிற்று. வெந்தயம் ஊறவைத்துக் குடித்தோம். வாழைப்பூ வறுத்துத் தின்றோம். படிகளில் ஏறும்போது கைபிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நிற்கும் வழக்கமும் வந்தது. வயது போகிறது என்று எமக்கு நாமே சமாதானம் சொன்னோம்.

ஒருநாள் பத்தாந் தரத்து வகுப்பிலே, சுவரில் தொங்கிய இலங்கைப் படத்தைக் காட்டி மகாவலியின் போக்கை விளக்கிக்கொண்டிருந்தோம். ஆண்பிள்ளைகளும் இருந்த வகுப்பு அது. முன்வாங்கிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து வந்து, ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி, “ரீச்சர், படத்தை ஒருக்கா ஒப்பீசில வைச்சிட்டு வருவம், வாங்கோ” என்றாள். பாடம் பாதியில் நிற்கிறதே என்று நாம் அதட்ட வாயெடுத்தோம். அவள் கண்ணைப் பார்த்தபின் அதட்டவில்லை. விரித்த படத்தை எமது முதுகுப்புறமாகப் பிடித்தபடி, ஆசிரியர் அறைவரைக்கும் அடிக்கு அடி எம்மைத் தொடர்ந்து வந்தாள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இருந்த விவேகம் எமக்கு இருக்கவில்லை.

அன்று மாலை ஒரு தனியார் வைத்தியரிடம் போனோம். அவர் நாடியைப் பிடித்தார், வயதைக் கேட்டார், “இது வயதுக் கோளாறு, தானாக நின்றுவிடும்” என்று கூறிச் சத்துக் குளிசைகள் எழுதித் தந்தார். வேறொன்றும் கேட்கவில்லை, பார்க்கவுமில்லை. பார்க்காமல் விட்டாரே என்று நாம் மகிழ்ந்ததையும் ஒளிக்காமற் சொல்லத்தான் வேண்டும்.

வீடு திரும்பும் வழியில் சின்னம்மாவின் நினைவு வந்தது. அவருக்கு மாதவிலக்கு நின்று இரண்டு ஆண்டுகள் கழிந்தபின் சிறிதளவு உதிரம் கண்டது. அதை எம்மிடம் அவர் கூறியது எட்டு மாதங்களுக்குப் பின்னரே. “இந்த வயசில இதை ஆருக்குப் பிள்ளை சொல்லுறது?” என்றார். அது 1998 ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து மகரகமைக்குப் போவதற்கு அனுமதியும் வேண்டும், கப்பலும் வேண்டும் என்றிருந்த காலம். கருப்பைப் புற்றுநோய். கப்பலுக்கு முந்தியது யமன். யுத்தத்தின் மீது முழுப் பழியையும் போடலாம். ஆனால் அந்த எட்டு மாதங்களை யுத்தம் தின்னவில்லை.

மறுவாரம் அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போனோம். அங்கிருந்த டொக்டர் ஒரு கடதாசியிற் கருப்பையை வரைந்து காட்டினார். மாதந்தோறும் சூலகத்தில் ஒரு முட்டை முதிரும்வரை ஈஸ்ட்ரஜன் என்னும் சுரப்பு கருப்பையின் உட்சவ்வை வளர்க்கிறது. முட்டை வெளியேறியபின் சுரக்கும் புரொஜெஸ்தரோன் அவ்வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது. அது குறைந்ததும் சவ்வு ஒழுங்காக உதிர்கிறது. வயது நாற்பதுகளின் நடுப்பகுதியைத் தாண்டுகையில் சில மாதங்களில் முட்டை வெளியேறுவதில்லை. அப்போது கட்டுப்படுத்துவாரின்றிச் சவ்வு தடித்து, நினைத்த வேளையில் இடையிடையே இடிந்து விழுகிறது. பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து உதிரம் காணாதிருந்தாலே மாதவிலக்கு முற்றாக நின்றதாகக் கொள்வர். அதன்பின் ஒரு துளி கண்டாலும் பரிசோதித்தே ஆகவேண்டும். சின்னம்மாவுக்கு இதைச் சொல்ல ஒருவருமில்லை.

வயது மட்டுமே காரணமென்று பார்க்காமற் சொல்லிவிட முடியாது. மகப்பேற்று, பெண்நோயியல் வைத்தியர்களின் சர்வதேச சம்மேளனம் 2011 ஆம் ஆண்டில் இத்தகைய உதிரப்போக்குக்கு ஒன்பது வகைக் காரணங்களை வகுத்தது. நார்க்கட்டியும் புற்றுநோயும் அவற்றுள் அடங்கும். 1996 முதல் எமது நாட்டில் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குகளிற் செய்யும் சோதனை கருப்பைக் கழுத்துக்கானது. அது நன்றாக இருக்கிறதென்று கருப்பையின் உட்புறத்தைப் பற்றிக் கவலையற்றிருக்க இயலாது.

எமது ஈமோகுளோபின் 7.6 என்று வந்தது. 12 இற்குக் குறைந்தாலே குருதிச்சோகை. ஸ்கான் எடுத்தார்கள், உட்சவ்விற் சிறு துண்டெடுத்துச் சோதித்தார்கள். முடிவு வருவதற்குப் பிடித்த நாட்களில் நாம் உறங்கவில்லை. சவ்வு தடித்திருந்தது, கெட்ட கலங்கள் இல்லை. சுரப்பு மருந்து கொண்ட லூப் ஒன்றை உள்ளே வைத்தார்கள். அதற்கு முன் உதிரத்தைக் குறைக்கத் தந்த குளிசை திரனெக்ஸாமிக் அமிலம். யப்பானியப் பெண் விஞ்ஞானி உதாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் 1962 இல் உலகுக்கு அறிவித்த மருந்து அது. பிரசவத்தில் உதிரம் பெருகி மடியும் தாய்மாரைக் காக்கவே அவர்கள் அதைத் தேடினர். பெண்ணின் உதிரத்தை அருவருப்பாகக் காணாமல் ஆய்வுப் பொருளாகக் கண்டதன் பலன் இன்று எமது கைப்பையில் இருக்கிறது.

எமக்குச் சம்பளத்துடன் லீவு கிடைத்தது. 2002 ஆம் ஆண்டு ஹற்றனை அடுத்த பாடசாலையொன்றிற் கற்பித்தபோது, எமது மாணவர்களின் தாய்மார் படங்கைக் கட்டிக்கொண்டு மலைச் சரிவில் நிற்பதைக் கண்டிருக்கிறோம். மலசலகூடம் லயத்தில், கொழுந்து மலையில். இறங்கி ஏறினால் நிறை குறையும்; நிறை குறைந்தால் கூலி குறையும். ஆணுக்குச் சமமான நாட்சம்பளத்தை அவர்கள் பெற்றதே 1984 இற்றான். நாற்பத்தெட்டு வயதில் இருபத்து மூன்று நாட்கள் உதிரம் போனால் அந்தப் பெண் எங்கே போவாள், எப்போது போவாள் என்ற கேள்வி அங்கிருந்த காலத்தில் எமக்கு எழவில்லை. எம்முடைய உடலிலே நிகழ்ந்தபின்னரே எழுந்தது. இது எமக்குப் பெருமை தரும் செய்தியன்று.

லீவு முடிந்து பாடசாலைக்குத் திரும்பிய அன்று, கணிதம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் நூலகத்தில் எம்மருகே வந்து அமர்ந்தார். நெடுநேரம் ஒரு புத்தகத்தைப் புரட்டினார். பின்னர் தலை நிமிராமலே, “அக்கா, அந்தக் கிளினிக் எந்தக் கிழமை?” என்று கேட்டார். வெண்கட்டிப் பெட்டியின் மூடியைக் கிழித்து நாளையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தோம். அவர் அதை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு மூன்றாம் பாடத்துக்குப் போனார்.