பழுப்பு நிற ஜனவரி

ஜனவரி 7, 2024, ஞாயிறு. காரைக்குடி

இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் டீச்சர் மொட்டைமாடியில் மழைமானி வைத்திருக்கிறார். காலையில் அளவைக் குறித்துவிட்டுத்தான் காபி. குறிப்பேட்டின் டிசம்பர் 18 பக்கத்தில் ஊர்க் கணக்குக்குக் கீழே வேறோர் ஊரின் எண்ணும் இருக்கிறது: காயல்பட்டினம், 24 மணி நேரத்தில் 95 செ.மீ. தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கி, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயிலின் பயணிகள் தண்ணீருக்கு நடுவே சிக்கிக்கொண்ட நாள்கள் அவை. தென்மாவட்டங்களில் சில இடங்களில் ஓராண்டு மழை இரண்டே நாளில் கொட்டித் தீர்த்திருந்தது.

வடக்கே அதே குளிர்காலம் எப்படி இருக்கிறது என்பதை அவர் இந்த வாரம் நேரில் பார்க்கப் போகிறார். தம்பி மகன் அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு காஷ்மீரின் குல்மார்க் போய்ப் பனிச்சறுக்குக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. தொடைக்கு வலு வேண்டும் என்று மாதக்கணக்கில் மாடிப்படி ஏறி இறங்கியிருக்கிறான். துணைக்கு அயித்தை. விடியற்காலைப் பல்லவன் ரயிலில் சென்னை, அங்கிருந்து விமானம்.

ஜனவரி 9, செவ்வாய். ஸ்ரீநகர் – தங்மார்க் – குல்மார்க்

ஸ்ரீநகரில் வெயில். இரவுக் குளிர் எலும்பைத் தொடுகிறது. ஆனால் பகலில் வானம் துடைத்துவிட்டது போலத் தெளிந்து கிடக்கிறது. டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாள் நீளும் கடுங்குளிர்ப் பருவத்துக்குக் காஷ்மீரில் சில்லாய் கலான் என்று பெயர். அதற்குப் பின் இருபது நாள் சில்லாய் குர்த், பத்து நாள் சில்லாய் பச்சா. பள்ளத்தாக்குக்குப் பனி சேர வேண்டிய காலம் முதல் நாற்பது நாள்தான். அதில் பாதி போய்விட்டது என்று டாக்சி ஓட்டிய பெரியவர் சொன்னார்.

தங்மார்க்கில் வண்டி நின்றது. இங்கிருந்து குல்மார்க்குக்கு 13 கிலோமீட்டர் மலைச்சாலை. வழக்கமான ஜனவரியில் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டாமல் மேலே போக முடியாது. சாலையோரக் கடைகளில் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் ரப்பர் பூட்ஸும் கனத்த கோட்டுகளும் கூரை வரை அடுக்கியபடியே இருந்தன. ஒரு கடைக்காரர் கையை விரித்துச் சாலையைக் காட்டினார். தார் காய்ந்து கிடந்தது.

மேலே வந்து சேர்ந்ததும் பையன் வண்டியை விட்டு இறங்காமல் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பனி எங்க அயித்தை?"

கோடையில் கோல்ஃப் ஆடும் அந்தப் பெரும் புல்வெளி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பழுப்பாக இருந்தது. தேவதாரு நிழல் விழும் இடங்களில் மட்டும் திட்டுத் திட்டாக அழுக்கேறிய வெள்ளை. முன்னாள் முதல்வர் உமர் அப்துல்லா குல்மார்க்கின் பழைய பனிப் படங்களைப் பகிர்ந்தது இந்த வாரத்தில்தான்.

ஜனவரி 10, புதன். குல்மார்க்

காலை எட்டு மணிக்கே இருவரும் வாடகைக் கடையில். பையனின் காலுக்கு இறுக்கமான பிளாஸ்டிக் பூட்ஸ், உயரத்துக்கு ஏற்ற பலகைகள், கைத்தடிகள், தலைக்கவசம். எடுத்துக்கொடுத்தவர் பலகையின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நீள நீளமாகக் கீறல்கள், சில இடங்களில் விரல் நுழையும் பள்ளம். அடிப்பக்கம் பாலிஎதிலீன், ஓரங்களில் எஃகு. பனி மெலிந்த இடத்தில் கல் தட்டினால் பிளாஸ்டிக் பெயர்ந்துவிடும். பிளாஸ்டிக் குச்சியை உருக்கி ஊற்றி, ஆறியதும் சுரண்டிச் சமன் செய்ய வேண்டும். இந்தப் பருவத்தில் வாடகைக்குக் கொடுப்பதைவிடப் பழுது பார்ப்பதே அதிகம் என்று வருத்தத்தோடு சொன்னார். நல்ல ஜோடி ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

புதிதாகப் பழகுகிறவர்களுக்கான சரிவு புல்வெளிக் கிண்ணத்திலேயே இருக்கிறது. இன்று அங்கே பழுப்புப் புல்லும் சேறும். ஆகவே கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தி. முதல் கட்டம், குல்மார்க்கின் 2,650 மீட்டரிலிருந்து கொங்டூரி வரை. 1998-இல் ஓடத் தொடங்கியது. இரண்டாம் கட்டம், அஃபர்வாட் மலைத்தோளில் 3,900 மீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடுவது, 2005-இல் வந்தது. காலடியில் மேய்ச்சல் மக்களான குஜ்ஜர்களின் கோடைக்கால மண்குடிசைகள் கடந்துபோயின. மற்ற ஆண்டுகளில் கூரையே தெரியாமல் பனியில் புதைந்திருக்கும் குடிசைகள். இன்று வாசற்படி வரை தெரிந்தது.

கொங்டூரியில் பனி இருந்தது. ஆனால் சறுக்குகிறவன் கேட்கும் பனி அல்ல. பகல் வெயிலில் மேற்பரப்பு இளகுகிறது, இரவில் அந்த ஈரம் உறைகிறது, மறுநாளும் அதேதான். புதுப்பனி விழாத நாள்கள் நீள நீள, பூப்போன்ற படிகங்கள் உருகி ஒட்டிக் கண்ணாடித் தகடாகிவிடுகின்றன. டீச்சர் குனிந்து நகத்தால் தட்டினார். டக் டக் என்றது.

பயிற்றுநர் தங்மார்க் பக்கத்துக் கிராமத்து இளைஞர். பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, உள்ஓரத்தால் பனியைக் கடித்து வேகம் குறைக்க வேண்டும் என்று செய்து காட்டினார். மெத்தென்ற பனியில் எஃகு ஓரம் உள்ளே இறங்கும். உடம்பின் எடையை அது தாங்கிக்கொள்ளும். தகட்டுப் பனியில் ஓரம் மேலேயே உரசிக்கொண்டு போகிறது. பையன் அகட்டினான், நின்றான், நிற்கவில்லை, பக்கவாட்டில் சரிந்து விழுந்தான். மறுபடி எழுந்தான். சறுக்கும் இடமோ குறுகலான ஒரு பட்டை. இரண்டு பக்கமும் கல்லும் காய்ந்த புல்லும். அந்தப் பட்டையில் அவனைப் போலவே ஆசையோடு வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். கோவாவிலிருந்து ஒரு குடும்பம், புனேயிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள். மதியத்துக்குள் முழங்கை சிராய்த்து, இடுப்பில் அடி பட்டு, பையன் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டான். அழவில்லை. பேசவும் இல்லை. எத்தனையோ மாதம் மனத்துக்குள் சறுக்கிப் பார்த்த சரிவு அவனுக்கு இன்று கிடைக்கவில்லை.

பயிற்றுநர் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியா சார்பில் போன ஒரே வீரர் ஆரிஃப் கான், இந்தப் பக்கத்துப் பிள்ளை என்று ஆரம்பித்தார். ஜயன்ட் ஸ்லாலம் சரிவோட்டத்தில் 45-ஆவது இடம். அவரும் இந்தச் சரிவுகளில் விழுந்து எழுந்துதான் பழகினார் என்றபோது பையன் கொஞ்சம் நிமிர்ந்தான். பெய்ஜிங்கின் பனி ஏறத்தாழ முழுவதும் இயந்திரத்தில் செய்தது என்பதையும் அதே இளைஞர்தான் சொன்னார்.

இயந்திரப் பனி செய்வதற்கும் தண்ணீர் வேண்டும். ஒரு ஹெக்டேரில் 30 செ.மீ. பனி பரப்ப ஏறக்குறைய பத்து லட்சம் லிட்டர். கூடவே காற்றின் ஈரத்தையும் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ஈரக்குமிழ் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே நிற்க வேண்டும். உத்தராகண்டின் ஆலியில் 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காகப் பனிப்பீரங்கிகள் வாங்கி வைத்தார்கள். ஆனாலும் 2023 பிப்ரவரியில் அங்கே நடக்க இருந்த போட்டிகள் பனியில்லாமல் ரத்தாயின.

குல்மார்க்கில் பலகை கட்டிச் சறுக்குவது நூறாண்டை நெருங்கும் பழக்கம். 1927-இல் பிரிட்டிஷ் அதிகாரிகள் இங்கே சறுக்குச் சங்கம் தொடங்கினார்கள். 1948-இல் படைத் தளபதி திம்மையா தலைமையில் இராணுவம் சறுக்குப் பள்ளி வைத்தது. இன்றைய உயர்மலைப் போர்ப்பயிற்சிப் பள்ளியின் தொடக்கம் அதுதான். பனி வரும் என்ற இவ்வளவு நீண்ட நம்பிக்கையின் மேல்தான் ஓர் ஊரே பிழைக்கிறது. கீழே திரும்பியபோது கோண்டோலா வாசலில் சறுக்குவண்டிக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். மரத்தால் செய்த சிறு வண்டியில் பயணியை உட்காரவைத்துக் கயிற்றால் இழுத்துப் போவது அவர்கள் குளிர்காலத் தொழில். வண்டிகள் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்திருந்தன. பையனுக்கு ஒரு நாள் போயிற்று. அவர்களுக்குப் போய்க்கொண்டிருப்பது ஆண்டு வருமானம். டீச்சர் அன்றிரவு எழுதியதில் பாதிக்கு மேல் இவர்களைப் பற்றித்தான்.

ஜனவரி 11, வியாழன். ஸ்ரீநகர்

ஜீலம் ஆற்றில் படித்துறையின் கீழ்ப்படிகளும் வெளியே தெரிகின்றன. டிசம்பரில் மட்டும் ஜம்மு காஷ்மீரில் மழையும் பனியும் இயல்பைவிட 79 சதவீதம் குறைவு.

காரணம் மேற்கே இருக்கிறது. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகும் மேற்கத்தியக் கலக்கங்கள், காஸ்பியன் வரை ஈரம் திரட்டி, மேல்காற்றோடு வந்து இமயத்தில் மோதித்தான் காஷ்மீருக்குப் பனி. இந்தக் குளிர்காலத்தில் அவை வலுவின்றி வந்தன, அல்லது வரவேயில்லை. எல் நினோவும் ஒரு காரணம் என்கிறார்கள் வானிலையாளர்கள். அதே எல் நினோ ஆண்டுகளில்தான் நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை பொதுவாகக் கூடுகிறது.

டீச்சருக்குப் பனி விளையாட்டுப் பொருளாகத் தெரியவில்லை. கூரைத் தண்ணீரை முற்றத்தில் பிடித்து, மிச்சத்தை ஊருணிக்கு அனுப்பும் வீட்டில் வளர்ந்தவர். சிவகங்கைச் சீமையில் மழையை அடுத்த வெயிலுக்குத் தேக்கிவைக்கக் கண்மாய் எப்படியோ, அப்படித்தான் இந்தப் பள்ளத்தாக்குக்கு மலைமேல் பனி. ஜனவரியில் சேர்வதுதான் மே, ஜூனில் ஓடைகளில் இறங்கி நெல்லுக்கும் ஆப்பிளுக்கும் வரும். ஆப்பிள் மரத்துக்குக் குளிர் உறக்கமும் வேண்டும். வெதுவெதுப்பான பிப்ரவரியில் முன்கூட்டியே பூத்துவிட்டால், பின்னால் வரும் உறைபனி பூவைக் கருக்கிவிடும்.

டாக்சிப் பெரியவர் தம் ஊர் மசூதியில் பனி வேண்டிச் சிறப்புத் தொழுகை நடப்பதைச் சொன்னார். எங்கள் ஊர்ப் பக்கம் மழை பொய்த்தால் வீடு வீடாகத் தானியம் வாங்கி மழைக்கஞ்சி காய்ச்சுவார்கள் என்று டீச்சர் தமக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். அதன் பிறகு வழி நெடுகப் பேச்சு தண்ணீர்தான்.

பிப்ரவரி 3, சனி. காரைக்குடி

சில்லாய் கலான் முடியும் தறுவாயில், ஜனவரி கடைசி நாள்களில் பனி விழுந்துவிட்டது. குல்மார்க்கிலிருந்து பயிற்றுநர் பையனுக்கு வீடியோ அனுப்பியிருக்கிறார்: முழங்கால் ஆழம். இம்மாதத் தொடக்கத்தில் நடக்க இருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டின் குல்மார்க் பகுதியை 21-க்குத் தள்ளியிருக்கிறார்கள். வீடியோவைப் பார்த்துப் பையன் துள்ளிக்குதித்தான். டீச்சர் மகிழ்ந்தார், ஆனால் பாதிதான். நாற்பது நாள் குளிரில் அடுக்கடுக்காய் விழுந்து இறுகும் பனி கோடை வரை நிற்கும். பிந்தி வருவது பிப்ரவரி, மார்ச் வெயிலில் சீக்கிரம் இறங்கிவிடும்.

மார்ச் 10, 2025, திங்கள். காரைக்குடி

இரண்டாம் ஆண்டும் அப்படியே. 2025 ஜனவரியும் வறண்டது. பிப்ரவரி 22-இல் தொடங்க வேண்டிய குல்மார்க் போட்டிகளைப் பனிப் பற்றாக்குறையால் ஒத்திவைத்து, மாதக் கடைசியில் பனி விழுந்த பிறகு, நேற்றுத்தான் தொடங்கியிருக்கிறார்கள். 12 வரை நடக்கும்.

பையனுக்கு இப்போது சென்னையில் வேலை. மறுபடி போகலாமா என்று கேட்டு எழுதியிருந்தான். போகலாம், ஆனால் ஜனவரிக்கு முன்கூட்டிச் சீட்டுப் போடாதே. மேற்கத்தியக் கலக்கம் வருகிறது என்று ஸ்ரீநகர் வானிலை மையம் சொன்ன பிறகு கிளம்பு. அதே பயிற்றுநரையே கூப்பிடு, இரண்டு குளிர்காலமாக அவருக்குச் சரியான வருமானம் இல்லை என்று டீச்சர் பதில் போட்டிருக்கிறார். தாம் வருவது ஜூனில் என்றும் சேர்த்திருக்கிறார். அஃபர்வாட் பனி உருகி இறங்கும் ஃபெரோஸ்பூர் நல்லா தங்மார்க் வழியாகத்தான் ஓடுகிறது. நாற்று நடும் நேரத்தில் அதில் தண்ணீர் எவ்வளவு வருகிறது, கீழே வயல்களுக்கு முறை வைத்து எப்படிப் பிரிக்கிறார்கள் என்று அவருக்குப் பார்க்க வேண்டும்.