முன்பாரம் எவ்வளவு மச்சான்?

கேரவன்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஷூட்டிங் ஸ்பாட், ஏ.சி., உள்ளே ஹீரோ ரெஸ்ட்! அமெரிக்காவுல இருக்கிற எங்க அக்கா வீட்டுக்காரரைக் கேட்டா வேற சொல்வார். கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் வெச்ச குட்டி வீடு. இன்ஜின் மட்டும் கிடையாது. பிக்-அப் வண்டிக்குப் பின்னாடி மாட்டி, ஊர் ஊரா இழுத்துக்கிட்டுப் போகணும். பேரு டிராவல் டிரெய்லர். மாமா ஒண்ணு வாங்கிட்டார்.

வாங்கின கையோட எனக்கு வீடியோ கால். ''மச்சான், நீ மெக்கானிக்கல்தானே? டிரெய்லரை மாட்டினா வண்டி பின்னாடி உட்காருது, மூக்கு மேலே தூக்குது. சாமானையெல்லாம் டிரெய்லரோட பின்பக்கம் தள்ளிட்டா சரியாயிடும்ல?''

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ளே பக்கத்துல இருந்த தாத்தா முந்திக்கிட்டார். ''பின்பாரம் ஆவாதுன்னு சொல்லுடா!''

தாத்தா சும்மா சொல்லலை பாஸ். இளவட்ட வயசுல ஆம்பூர் ரயில்வே ஸ்டேஷனுக்கும் டேனரிக்கும் நடுவுல உப்புத்தோல் கட்டு ஏத்தி மாட்டு வண்டி ஓட்டினவர். யோசிச்சுப் பாருங்க, மாட்டு வண்டியும் ஒரு டிரெய்லர்தான். நடுவுல அச்சு, முன்னாடி நுகத்தடி. முன்பாரம் அதிகமானா மாட்டுக் கழுத்து புண்ணாகும். பின்பாரம் அதிகமானா நுகத்தடி மேலே எழும்பி, கழுத்துக் கயிறு மாட்டோட தொண்டையை இறுக்கும். அதனாலதான் மேடு வந்தா வண்டிக்காரர் முன்னாடி நகர்ந்து உட்காருவார், இறக்கம் வந்தா பின்னாடி போவார். நமக்கு நாலு செமஸ்டர் தேவைப்படுற கணக்கை அவர் உட்கார்ற இடத்தை மாத்தியே போட்டுட்டார்!

டிராவல் டிரெய்லருக்கும் இதே கதைதான். மொத்த எடையில 10-லேர்ந்து 15 சதவிகிதம் முன்பாரமா கொக்கி மேல உட்காரணும். சாமான்ல 60 சதவிகிதமாவது அச்சுக்கு முன்னாடி இருக்கணும்னு பொதுவா சொல்வாங்க. மாமா கேட்ட மாதிரி பின்னாடி தள்ளினா மூக்கு இறங்கும், வாஸ்தவம்தான். ஆனா, ஹைவேயில வேகம் எடுத்ததும் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். ஆட்டம் முத்தினா வண்டியையும் சேர்த்துப் புரட்டிப் போட்டுடும். அந்த வண்டியில பின் ஸீட்ல எங்க அக்கா பசங்க ரெண்டு பேர்!

சரி, மூக்கு தூக்கினா என்ன? ஸ்டைலாத்தானே இருக்குங்கிறீங்களா? திருவலம் பக்கம் அம்முண்டி சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஓவர்லோடு ஏத்திக்கிட்டு மேடு ஏறுற டிராக்டரைப் பாருங்க. முன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். அப்போ ஸ்டீயரிங் சும்மா ஷோவுக்குத்தான்!

பிக்-அப்ல ஏன் இப்படி ஆகுது? ஒரு சின்ன கணக்கு. கொக்கி பின் அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னாடி இருக்கு, ரெண்டு அச்சுக்கும் நடுவுல 3.6 மீட்டர்னு வெச்சுக்குங்க. கொக்கி மேல 300 கிலோ உட்கார்ந்தா, முன் சக்கரங்கள்லேர்ந்து 125 கிலோ காணாமப் போகும். பின் சக்கரங்கள் மேல 425 கிலோ ஏறும். சீ-சா பலகை மாதிரி!

நம்ம ராணிப்பேட்டை, ஆம்பூர்லேர்ந்து ஷூவும் தோலும் ஏத்திக்கிட்டு என்.ஹெச். 48-ல சென்னை துறைமுகம் போற கன்டெய்னர் லாரிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதுல டிரெய்லர் உட்கார்ற வட்டத் தட்டு, பின் அச்சுகளுக்குக் கொஞ்சம் முன்னாடியே இருக்கும். அதனால பாரத்துல ஒரு பங்கு முன் சக்கரத்துக்கும் போயிடும்.

பிக்-அப்ல கொக்கியை அப்படி நகர்த்த முடியாதே... அதுக்குத்தான் 'வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்'. கொக்கியிலேர்ந்து டிரெய்லரோட சட்டத்துக்கு ரெண்டு ஸ்ப்ரிங் கம்பி ஓடும். அதை முறுக்கேத்தினா நெம்புகோல் மாதிரி வேலை செஞ்சு, இழந்த பாரத்துல ஒரு பகுதியை முன் சக்கரத்துக்குத் திருப்பித் தரும். கொஞ்சத்தை டிரெய்லர் சக்கரத்துக்கும் அனுப்பும்.

எதை வாங்குறது? மாமாவுக்கு நான் சொன்னது மூணு விஷயம். ஒண்ணு, வண்டியோட மேனுவலைப் படிங்க. சில வண்டிகளுக்கு இந்த ஹிட்ச்சே கூடாதுன்னு போட்டிருப்பாங்க. ரெண்டு, கம்பியை டிரெய்லர் எடையைப் பார்த்து வாங்காதீங்க, முன்பாரத்தைப் பார்த்து வாங்குங்க. வண்டியில பின் அச்சுக்குப் பின்னாடி வைக்கிற சாமானையும் அதுல சேர்த்துக்கணும். 'பெருசா இருந்தா சேஃப்டி'ன்னு ரொம்ப விறைப்பான கம்பி வாங்கினா, பின் சக்கரத்துல பாரம் குறைஞ்சு வழுக்கும். மூணு, எல்லா பாகத்துலயும் எழுதியிருக்கிற தாங்கும் அளவைப் பாருங்க. அதுல எது குறைவோ அதுதான் உங்க லிமிட். ஹிட்ச் மாட்டினதால வண்டி சுமக்கும் எடை ஒரு கிலோகூட கூடாது.

மாட்டுறதுக்கு ஒரு டேப் போதும். சமதளத்துல, டிரெய்லர் இல்லாம, முன் சக்கர வளைவு தரையிலேர்ந்து எவ்வளவு உயரம்னு அளக்கணும். 90 செ.மீ.னு வைங்க. பயணத்துக்குப் போற அதே சாமான், அதே தண்ணியோட டிரெய்லரை மாட்டி அளந்தா 94. இப்போ கம்பியை முறுக்கேத்தி அளக்கணும். ஏறின நாலுல பாதியாவது இறங்கணுமா, முழுசா இறங்கணுமாங்கிறது மேனுவல்ல இருக்கும். ஆனா 90-க்குக் கீழே போகக் கூடாது. கம்பியைக் கையால மல்லுக்கட்டி மாட்டாதீங்க. டிரெய்லர் ஜாக்கியால முன்பக்கத்தை வண்டியோட சேர்த்துத் தூக்கிட்டா லேசா மாட்டலாம். ரெண்டு பக்கமும் சங்கிலிக் கண்ணி எண்ணிக்கை ஒண்ணா இருக்கணும். டிரெய்லர் மட்டமா, இல்லைன்னா மூக்கு லேசா தாழ்ந்து நிக்கணும். கடைசியா எடை மேடை. அங்கே லாரிகள் நிக்கிற இடங்கள்லயே ஒவ்வொரு அச்சையும் தனித்தனியா எடை போட்டுக் கொடுப்பாங்க.

மாமா எல்லாத்தையும் எழுதிக்கிட்டார். ''இவ்வளவும் பண்ணிட்டா சாமானை எங்கே வேணா வைக்கலாம்ல?''ன்னு ஒரு கேள்வி! தாத்தா என்னைப் பார்த்தார், நான் தாத்தாவைப் பார்த்தேன். இல்லை மாமா. பாரத்தைத் தப்பா ஏத்திட்டு, ஹிட்ச்சை வெச்சு சமாளிக்க முடியாது. ஹிட்ச் ரெண்டாவது, பாரம் வைக்கிற இடம்தான் முதல்.

நமக்கு டிராவல் டிரெய்லர் வேண்டாம் ஃப்ரெண்ட்ஸ். டாட்டா ஏஸ்ல வீடு மாத்தும்போதும், மாமா வீட்டு டிராக்டர்ல நெல் மூட்டை ஏத்தும்போதும் பீரோவையும் மூட்டையையும் எங்கே வைக்கிறோம்னு ஒரு நிமிஷம் பாருங்க. 'எவ்வளவு இழுக்கும்?'னு எல்லாரும் கேட்பாங்க. நீங்க 'முன்பாரம் எவ்வளவு?'ன்னு கேளுங்க. வண்டி ஓட்டுறவர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார், பந்தயமா?