மின்மினி எங்கே போயிற்று?

இரவு பத்து மணிக்கு ஒரகடம் கூட்டுரோட்டில் நின்று பாருங்கள். பகலா, இரவா என்ற ஐயமே எழும். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் ஸ்ரீபெரும்புதூர்–சிங்கப்பெருமாள்கோயில் சாலையும் கூடுமிடம் அது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. நெல் விளைந்த நிலங்கள் பல சிப்காட் வளாகங்களாயின. அந்த ஒளிவெள்ளத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் சிற்றூர்.

நான் எண்ணக் கற்றுக்கொண்டது பள்ளியில் அன்று. எங்கள் வீட்டுத் திண்ணையில்தான். ஐப்பசி மழை ஓய்ந்த இரவுகளில் ஆயா என்னை மடியில் இருத்திக்கொண்டு, “எத்தினி மின்மினிடா கண்ணு, எண்ணு பார்க்கலாம்” என்பாள். வேலியோரம், கிணற்றடி, வாய்க்கால் புல் எங்கும் பச்சைப் பொறிகள்! இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாமல் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவேன். தூக்கணாங்குருவி தன் கூட்டில் களிமண்ணை ஒட்டி, அதில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றிக்கொள்ளும் என்று கதை சொல்வாள். களிமண் ஒட்டுவது உண்மை. விளக்கு மட்டும் கற்பனை என்பதைப் பின்னாளில் அறிந்தேன். ஆயினும் ஆயாவின் கதையே எனக்குப் பிடிக்கும்.

காலம் மாறியது. அக்காவுக்குக் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. இரண்டாம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் அவளைச் சாலையில் இறக்கிவிடும்போது நள்ளிரவு நெருங்கிவிடும். அங்கிருந்து வீடுவரை கும்மிருட்டு. ஓர் இரவு யாரோ பின்தொடர்வதாகத் தோன்ற, ஓட்டமும் நடையுமாக வந்து வாசலில் மூச்சிரைக்க நின்றாள். அம்மா அன்று உறங்கவில்லை. மறுநாளே தெருவிளக்கு வேண்டி ஊராட்சிக்கு மனு எழுதினேன்; வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்கினேன். சில வாரங்களில் எங்கள் வீட்டெதிரே வெள்ளை வெளேரென்று ஓர் எல்.இ.டி. விளக்கு எரிந்தது. அன்றிரவு அக்கா நிதானமாக நடந்து வந்தாள். எனக்கு எத்தனை பெருமை!

அடுத்த ஐப்பசியில் ஆயா திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். “ஏண்டா, ஒரு மின்மினியும் காணோமே?” என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

விடை எங்கள் விலங்கியல் வகுப்பில் கிடைத்தது. மின்மினி ஒரு வண்டினம். லூசிஃபெரின் என்னும் பொருள் அதன் உடலில் ஆக்சிஜனோடு சேரும்போது, ஏறக்குறைய வெப்பமே இல்லாத ஒளி பிறக்கிறது. ஆண் மின்மினி பறந்துகொண்டே ஒளியால் அழைக்கும்; புல்லில் அமர்ந்திருக்கும் பெண் ஒளியாலேயே விடை சொல்லும். அதுதான் அவற்றின் மொழி. சுற்றிலும் பேரொளி இருந்தால் அழைப்பும் தெரியாது, விடையும் தெரியாது. இளம்புழுக்களுக்கோ ஈரமண்ணும் நத்தைகளும் வேண்டும். 2022-இல் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் கணக்கற்ற மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்த செய்தியை ஆசிரியர் சொன்னபோது வகுப்பே வியந்தது. நான் மட்டும் தலை குனிந்திருந்தேன். அந்த மனு என் கையெழுத்தில் அல்லவா இருந்தது!

அன்றிரவு அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். விளக்கே வேண்டாமென்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, மனமும் இல்லை. அவள் சிரித்துவிட்டாள். “எனக்குக் காலடியில வெளிச்சம் விழுந்தா போதும்டா. வேலிக்கும் வாய்க்காலுக்கும் எதுக்கு?”

படித்த எனக்குத் தோன்றாதது, எட்டு மணிநேரம் நின்று வேலை செய்து வந்தவளுக்குத் தோன்றியது. இரண்டாவது மனு எழுதினேன். முதல் கையெழுத்து அக்காவுடையது. லைன்மேன் வந்து விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பி, வாய்க்கால் பக்கம் ஒரு தகர மறைப்பும் வைத்தார். விடிய விடிய எரிந்த புழக்கடை பல்பை நாங்களே அணைத்தோம். வாய்க்கால் ஓரம் கட்டட இடிபாடு கொட்டவந்த டிராக்டரை அப்பா திருப்பி அனுப்பினார்.

சென்ற ஐப்பசியில், மழை விட்ட ஓர் இரவு, அக்கா வாசலில் நின்றபடி மெல்ல அழைத்தாள். அனைவரும் வெளியே வந்தோம். வாய்க்கால் புல்லில் ஒரு பொறி. சிறிது தள்ளி இன்னொன்று. கிணற்றடியில் மூன்றாவது.

“மூணு” என்றாள் ஆயா.

இருபதுக்கு மேல் இருந்த இடத்தில் மூன்று! மகிழ்வதா, வருந்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. நண்பர்களே, நம்மில் பலர் அந்த ஒளிமயமான சாலை வழியாகத்தான் கல்லூரிக்கு வருகிறோம். நம் வீட்டுச் சோறும் அந்தத் தொழிற்சாலைகளிலிருந்தே வருகிறது. விளக்குகளை வெறுக்க வேண்டா. அடுத்த மழை ஓய்ந்ததும் உங்கள் புழக்கடை விளக்கைச் சற்றே அணைத்து, கண் இருளுக்குப் பழகும்வரை பொறுத்திருந்து எண்ணிப் பாருங்கள். ஒன்றேனும் தென்பட்டால், அந்தப் புல்லை மட்டும் விட்டுவையுங்கள்.