பூசுவதற்கு முன் பார்க்க வேண்டிய சுவர்

நாளிதழ்களில் அந்தப் படம் அவ்வப்போது வந்துவிடுகிறது. நீள மேசை, நடுவில் ஓர் அரசியல்வாதி, பக்கத்தில் ரசீதைத் தூக்கிப் பிடித்தபடி கணவன் மனைவி. வீட்டைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லிப் பாதிப் பணத்தை வாங்கிய குத்தகையாளர், பின்சுவரை இடித்ததோடு காணாமல் போயிருப்பார். தகரத்தையும் பிளாஸ்டிக் விரிப்பையும் மறைப்பாகக் கட்டிக்கொண்டு அந்தக் குடும்பம் மழையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்.

பேராக் தோட்டத்து மக்களுக்கு இந்தக் கதை கூடுதலாக வலிக்கும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல தோட்டங்கள் கைமாறின, லயங்கள் இடிந்தன. அங்கிருந்து வந்தவர்களில் பலர் குடியேறியது தாமான் என்கிற குடியிருப்புகளின் மலிவுவிலை வீடுகளில்தான். 25,000 வெள்ளி என்று அரசாங்கம் விலை வைத்திருந்த காலத்து வீடுகள் அவை. அடுப்படியில் இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வாசலில்தான் நிற்க வேண்டும். ஆகவே 55 வயதில் ஈ.பி.எஃப். சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் பலர் செய்யும் முதல் காரியம், வீட்டின் பின்பக்கத்தை நீட்டுவது. எந்த வயதில் யார் கையில் பணம் இருக்கும் என்கிற இந்தக் கணக்கு, ஏமாற்றுக்காரர்களுக்கு மனப்பாடம்.

“முன்பணம் வாங்காத கொத்தனார் ஒருத்தர் இருக்கார், நம்பலைன்னா வந்து பாரு” என்றார் புந்தோங்கில் இருக்கும் நண்பர். ஈப்போவிலிருந்து பத்துகாஜா போகும் வழியில், ஒரு தாமானின் கடைசி வரிசையில் அந்தக் கொத்தனாருக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. அறுபதைத் தாண்டியவர். வங்காளதேச இளைஞர்கள் இருவர் உதவிக்கு. அவர்களோடு மலாய், பொருள் கொண்டுவந்த லாரிக்காரரோடு கண்டனீஸ், என்னோடு தோட்டத்துத் தமிழ். பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். “போட்டா ஆளுங்க வருவாங்க தம்பி. இருக்கற வேலைக்கே கையி பத்தலை.”

நான் போன நேரத்தில் அவர் கையில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் குழாய். சுண்டுவிரல் பருமனில், உள்ளே இருப்பது தெரியும்படியான நீளக் குழாய். அதில் தண்ணீரை நிரப்பி, குமிழி ஒன்றுகூட இல்லாமல் தட்டித் தட்டி விரட்டினார். ஒரு முனையைப் பழைய சுவரில் போட்ட பென்சில் கோட்டில் வைத்துக்கொண்டார். மறுமுனையோடு இளைஞன் முப்பதடி தள்ளிப் போனான். எத்தனை வளைவு சுற்றிப் போனாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்தில் அவன் ஒரு கோடு போட்டான். இரண்டு கோடுகளிலிருந்தும் தரைவரை அளந்தபோது, பழைய வீட்டின் தரையே ஒரு மூலையில் விரற்கடை அளவு இறங்கியிருப்பது தெரிந்தது. இருபத்தைந்து வருடம் அதில் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கு அது செய்தி.

“லேசர் மெஷின் இருக்கே அண்ணே?”

“இருக்கு. வண்டியில கிடக்கு. அது ஒரு தடவ கீழ விழுந்தா கோணிக்கும், கோணினது யாருக்கும் தெரியாது. தண்ணி எங்கப் போயி விழும்?”

குழாய்க்கு ஒரு நிபந்தனை உண்டு, பிடிக்க இரண்டு பேர் வேண்டும். அவருடைய தொழில் வாழ்க்கையே மறுமுனையில்தான் தொடங்கியது. அப்பா தோட்டத்துக் கொத்தனார். லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது, கால்வாய் கட்டுவது, கோயில் திருவிழாவுக்கு முன் மதிலைச் சரிபார்ப்பது என்று தோட்டத்துக்குள்ளேயே அவர் காலம் முடிந்தது. மகன் பதினேழு வயதில் ஈப்போவுக்கு வந்து ஒரு சீனத் தலைமைக் கொத்தனாரிடம் சேர்ந்தார். அந்த மனிதர் ஒரு வருடத்துக்குக் கரண்டியைத் தொடவே விடவில்லை. குழாயைப் பிடி, தண்ணீர் நிற்கும்வரை மூச்சுவிடாதே, அவ்வளவுதான் வேலை. சனிக்கிழமைதோறும் சம்பளம் மட்டும் தவறாது. “அந்தாளு திட்டாத நாளு கெடையாது. ஆனா காசு பாக்கி வெச்ச நாளும் கெடையாது.” இதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த மரியாதையை, பின்னாளில் தமக்கு வேலை கொடுத்த தரகர்களைப் பற்றிப் பேசும்போது நான் கேட்கவில்லை.

அவர் தொழிலுக்கு வந்த காலமும் முக்கியம். 1985இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச்சுரங்கங்கள் வரிசையாக மூடப்பட்டன. கைவிடப்பட்ட சுரங்க நிலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமானாக மாறியது. அந்த நிலம் ஒரு சீரானது அல்ல. ஈயத்தைக் கழுவி எடுத்த பிறகு மணல் ஒரு பக்கம் ஒதுங்கும், நுண்சேறு இன்னொரு பக்கம் தங்கும். மணல் தாங்கும். சேறோ மேலே காய்ந்து உள்ளே தயிர் மாதிரி இருக்கும். ஒரே வரிசையில் ஒரு வீடு அசையாமல் நிற்க, அடுத்த வீட்டின் அடுப்படி பிளப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஊர் தாமான்களுக்குள் நடந்து பாருங்கள். பின்பக்கம் நீட்டிய வீடுகளில், பழைய சுவரும் புதுச்சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் அடிக்கடி கண்ணில் படும். பழைய வீடு எத்தனையோ வருடமாக இறங்கி ஓய்ந்துவிட்டது. புதிது இனிமேல்தான் இறங்கும். முறையாகச் செய்பவர் புதுப்பகுதிக்குத் தனி அஸ்திவாரம், தனித் தூண் போடுவார், இரண்டுக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டு நெகிழும் பசையால் அடைப்பார். மண் இளகியிருந்தால் பக்காவ் கட்டை அடிக்கச் சொல்வார். மாத்தாங் கண்டல் காட்டில் வெட்டும் கழிதான் அது. நிலத்தடி நீருக்குள் மூழ்கியே இருக்கும்வரை மக்காது. ஏமாற்றுபவர் இடித்த கல்லையும் ஓட்டையும் பரப்பி, அதன்மேல் சிமெண்டுத் தரை ஊற்றி, புதுச்சுவரைப் பழைய சுவரிலேயே பல் வைத்துக் கோத்துவிடுவார். ஒப்படைக்கும் நாளில் இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். இரண்டாவது மழைக்காலத்தில்தான் வேறுபடும். அதற்குள் அவர் வேறு ஊரில் வேறு பெயரில் கம்பெனி வைத்திருப்பார்.

கம்பி வளைப்பதைப் பற்றியும் அவர் நெடுநேரம் பேசினார். என் மண்டையில் தங்கியது ஒன்றுதான். 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 10 மில்லிமீட்டர் போட்டால் எடையில் முப்பது விழுக்காடு மிச்சம். கான்கிரீட் ஊற்றிய பிறகு எந்த வீட்டுக்காரராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைக் கெல்லி மாளிகைக்கு அழைத்துப் போனார். பக்கத்தில்தான். ஸ்காட்லாந்தில் 1870இல் பிறந்து, பேராக்கில் ரப்பரிலும் ஈயத்திலும் சம்பாதித்த வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் தொடங்கிய மாளிகை அது. வேலைக்கு மதராஸிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களை வரவழைத்தார். நோய் பரவிப் பலர் செத்தார்கள். அம்மனுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று மிச்சமிருந்தவர்கள் கேட்க, ஸ்மித் கட்டிக்கொடுத்தார். அருகிலுள்ள மாரியம்மன் கோயிலின் மேலே, சாமிகளோடு சாமியாக வெள்ளைக்கார உடுப்பில் அவர் உருவமும் நிற்கிறது. 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, மாளிகை பாதியில் நின்றது. சுற்றுலாப் பயணிகள் அங்கே பேய்க்கதை கேட்கப் போகிறார்கள். கொத்தனார் சுவர் பார்க்கப் போகிறார்.

பூச்சு இல்லாமல் செங்கல் தெரியும் இடங்களில் நின்று, கல்லின் வரிசையையும் மூலை கட்டிய விதத்தையும் விரலால் காட்டிக்கொண்டே போனார். “பூசாத சுவத்துல எதையும் மறைக்க முடியாது. நீங்க எதுக்கு தம்பி வேலை முடிஞ்ச பொறவு வந்து பெயிண்டு கலர பாக்கறீங்க? பூசறதுக்கு முந்தின நாளு லீவு போட்டுட்டு வாங்க.”

நான் தேடிப்போன விஷயம் அந்தச் சுவரடியில்தான் கிடைத்தது. அவர் பணம் வாங்கும் முறையே இதன்மேல்தான் நிற்கிறது. முன்பணம் இல்லை, பொருளை வீட்டுக்காரரே கடையில் பணம் கட்டி வாங்குகிறார். அஸ்திவாரக் குழியில் கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் வீட்டுக்காரர் வந்து பார்க்க வேண்டும். பார்த்தால்தான் ஊற்றுவார், ஊற்றினால்தான் கூலி. சுவர் எழுந்து பூசுவதற்கு முன் ஒரு முறை. குளியலறைத் தரையில் கல் பதிப்பதற்கு முன், வடிகாலை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கி, ஒழுகவில்லை என்று காட்டி ஒரு முறை. எதையெல்லாம் அடுத்த வேலை மூடிவிடுமோ, அதையெல்லாம் மூடுவதற்கு முன் காட்டிவிடுகிறார். நேர்மை என்று நாம் சொல்வதை அவர் நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்.

இப்படிப்பட்ட ஒருவர் ஏன் ஊரறியக் கம்பெனி நடத்தவில்லை? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 1994ஆம் ஆண்டின் 520ஆம் சட்டப்படி கட்டுமானக் குத்தகையாளர்கள், கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியில் பதிந்திருக்க வேண்டும். ஜி1 முதல் ஜி7 வரை தகுதி நிலைகள் உண்டு. நல்ல சட்டம். பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் சரிபார்க்கலாம். ஆனால் உரிமம் ஒருவர் பெயரில், வேலை வாங்குபவர் இன்னொருவர், செய்பவர் மூன்றாமவர். இதற்குப் பெயர் அலிபாபா வியாபாரம் என்று நாட்டில் எல்லாருக்கும் தெரியும். கைக்கணினியில் முப்பரிமாணப் படம் காட்டி வேலையைப் பிடிப்பவர் தம் பங்கை எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் தள்ளுகிறார். அவரும் எடுத்துக்கொண்டு தள்ளுகிறார். கடைசியில் சிமெண்டு குழைப்பவர் கைக்கு வரும் காசில் ஒழுங்காகக் கட்டவே முடியாது. கம்பி மெலிகிறது, சிமெண்டு குறைகிறது. பழி கொத்தனார்மேல் விழுகிறது. என் கொத்தனாருக்கும் இரண்டு தரகர்கள் கூலி பாக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகுதான் தரகர் வேலையே வேண்டாம் என்று நிறுத்தினார். அவர் கையில் இருப்பது கட்டுமானத் தொழிலாளர்களுக்கான சிஐடிபி பச்சை அட்டை மட்டும், குத்தகையாளர் பதிவு இல்லை. ஆகையால் அவரையே தேடிப் போங்கள் என்று நான் உங்களிடம் சொல்லவும் முடியாது. சட்டத்தின் கண்ணில் குறை அவர் பக்கமும் இருக்கிறது.

வீட்டுக்காரர்களும் சும்மா இல்லை. மூன்று பேரிடம் விலை கேட்டு, காரணம் கேட்காமல் குறைந்ததைப் பிடிக்கிறோம். நகராண்மையின் அனுமதி இல்லாமல் கட்டுகிறோம். 1974ஆம் ஆண்டின் 133ஆம் சட்டப்படி இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தால் அது வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வரும்.

ஏமாந்தவர்கள் முதலில் ஓடுவது போலீசுக்கு. தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்திலேயே இருந்தது என்று காட்ட வேண்டும். பாதி வேலை செய்துவிட்டு ஓடியவர்மேல் அதைக் காட்டுவது கடினம். சிவில் வழக்கு என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருப்பது பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. மனு போடக் கட்டணம் ஐந்து வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள் கேட்க வேண்டும், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. ஆனால் யார்மேல் புகார் என்று பெயரும் முகவரியும் வேண்டும். என்ன பேசினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதற்குக் காகிதம் வேண்டும். வாட்ஸ்அப்பில் ‘பாஸ்’ என்று சேமித்து வைத்த எண்ணை வைத்துக்கொண்டு அங்கே எதுவும் செய்ய முடியாது.

ஆகவே வேலைக்கு ஆள் வைக்கும்போது, அவர் ஐந்து வருடத்துக்கு முன் கட்டிய வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள், அந்த வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசுங்கள். அடையாள அட்டையைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீது கேளுங்கள். நல்ல கொத்தனார் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் வேறு ஆளைப் பாருங்கள்.