அந்தப் பெயரை எந்தப் பட்டியலில் எழுதுவது?

நவம்பர் பிறந்துவிட்டால் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள் பளிச்சென்று ஆகிவிடும். புல்லைச் செதுக்கி, சிலுவைகளுக்கு வெள்ளையடித்து, 2-ம் தேதி கல்லறைத் திருநாளன்று குடும்பம் குடும்பமாகப் போய்ப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். பங்குத்தந்தை ஒவ்வொரு கல்லறையாகப் புனித நீர் தெளித்து ஜெபிப்பார்.

2018-ல் அந்த நாளில் ஓர் இளம்பெண் மட்டும் கல்லறைத் தோட்டத்தின் வாசலோடு நின்றுவிட்டார். கையில் மெழுகுவர்த்தி இருந்தது. அதை ஏற்றிவைக்கத்தான் ஒரு கல்லறை இல்லை.

அவருடைய கணவர் 2017 நவம்பர் 29 அன்று சாயங்காலம் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர். அன்று இரவே காற்று மாறியது. மறுநாள் ஒக்கி புயல். நவம்பர் 30 என்பது இயேசுவின் சீடரான அந்திரேயாவின் திருநாள். அவரும் மீனவர்தான். அன்றைக்கு ஊரே கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிலர் உயிரோடு வந்தார்கள். சிலர் உடலாக வந்தார்கள். இவர் எப்படியும் வரவில்லை.

டிசம்பர் 7 அன்று காணாமல்போனவர்களைத் தேடச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்தில் மறியல் செய்தபோது, நான்கு வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு அவரும் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஸ்டார் தொங்கவில்லை.

அந்த வீட்டில் தினமும் இரவு ஏழு மணிக்கு ஜெபமாலை சொல்வது தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் பழக்கம். மகன் காணாமல்போன பிறகும் மாமியார் அதை ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. மருமகளால்தான் முடியவில்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு ஜெபம்: திருப்பிக் கொடு. அதற்குப் பதில் வராமல் மாதங்கள் போனதும், ஜெபமாலையைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார்.

"எனக்குக் கோபமா வருது ஃபாதர். ஜெபம் பண்ண வாய் வரல" என்று பங்குத்தந்தையிடம் சொன்னபோது, அவர் கண்டிப்பார் என்றுதான் எதிர்பார்த்தார். அவரோ திருப்பாடல்கள் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் உள்ள 150 பாடல்களில் புகழ்ச்சியும் நன்றியும் மட்டும் இல்லை. புலம்பலும் கோபமும் நிறைய உண்டு. இறந்தவர்களுக்காகச் சொல்லப்படும் 130-வது பாடல் ஆழத்தில் கிடப்பவரின் கூப்பாடாகத் தொடங்குகிறது. 88-வது பாடல் ஓர் ஆறுதலும் இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. "இதையும் ஜெபம்னுதான் திருச்சபை வச்சிருக்கு. சண்டை போடுறதுன்னாலும் அவர்கிட்டயே போய்ப் போடுங்க" என்றார் ஃபாதர்.

அது கொஞ்சம் கைகொடுத்தது. ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று வீட்டுக்குள்ளேயே இருந்தது.

காணாமல்போன ஒருவரை இறந்தவராகக் கருதச் சட்டப்படி ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஒக்கியில் காணாமல்போன மீனவர் குடும்பங்களுக்காக அந்த விதி தளர்த்தப்பட்டு, சான்றிதழும் 20 லட்சம் ரூபாய் நிவாரணமும் கொடுத்தார்கள். "கையெழுத்துப் போடு மக்களே, பிள்ளை படிக்கணும்" என்று சொன்னவர் மாமியார்தான். கூடவே இன்னொன்றும் சொன்னார். "ஆனா பூசையில அவன் பேரைச் செத்தவங்க கூட வாசிக்கச் சொல்லாத."

நவம்பர் மாதத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதி ஓர் உறையில் போட்டுக் கோயிலில் கொடுப்பார்கள். அந்த மாதம் முழுக்க அவர்களுக்காகப் பூசையில் வேண்டுதல் நடக்கும். மாமியாரைப் பொறுத்தவரை மகன் ஏதோ ஒரு கப்பலில் ஏறி, ஏதோ ஒரு நாட்டில் இருக்கிறான். பெயரை அந்த உறையில் போட்டால் பெற்ற தாயே அவனை முடித்துவைத்த மாதிரி.

மருமகளின் வேதனை வேறு. 'அவர் இறந்திருந்தால், என் ஜெபத்துக்காகக் காத்துக்கொண்டிருப்பாரே! எல்லோருக்கும் வேண்டுதல் நடக்கும்போது அவருக்கு மட்டும் யாருமில்லாமல் போகுமே!' உயிரோடு இருக்கிறவருக்கு ஒரு ஜெபம், இறந்தவருக்கு ஒரு ஜெபம். இரண்டுக்கும் நடுவில் நிற்பவருக்கு எதைச் சொல்வது? கல்லறைத் தோட்டத்தின் வாசலில் அவரை நிறுத்தியது இந்தக் கேள்விதான்.

அன்றிரவு வழக்கம்போல் மாமியார் ஜெபமாலை சொன்னார். மருமகள் அடுக்களையில் இருந்தார். முடிவில் மாமியார், அந்த வீட்டில் எப்போதும் சொல்கிற வேண்டுதலைச் சொன்னார். கடலில் இருக்கிற எல்லாரையும் காப்பாற்றும் சாமி.

கல்யாணமாகி வந்த நாள் முதல் கேட்ட வரிதான். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. கடலில் இருக்கிற எல்லாரும். உயிரோடு இருந்தாலும், இல்லாவிட்டாலும், அவரும் கடலில்தானே போனார்? இரண்டு பெண்களும் சேர்ந்து சொல்ல முடிகிற ஒரே ஜெபம் இத்தனை நாளும் அந்த வீட்டிலேயே இருந்திருக்கிறது.

மறுநாள் பெட்டியைத் திறந்து ஜெபமாலையை எடுத்தார்.

ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையில் ஒவ்வொரு மணிக்கும் பாதி ஜெபத்தை ஒருவர் சொல்ல, மீதியை மற்றவர்கள் சொல்ல வேண்டும். மருமகளுக்குத் தொண்டை அடைத்தால் அவர் பாதியையும் மாமியார் சொல்லிவிடுவார். மாமியார் உடைந்தால் மருமகள் தொடர்வார். இருவருக்கும் முடியாத இரவுகளில் அந்தச் சின்னப் பெண் மழலையில் சொல்லி முடித்ததும் உண்டு. துக்கம் குறைந்துவிடவில்லை. ஆனால் நாள் முழுக்க அடக்கிவைத்த அழுகைக்கு ஏழு மணி என்று ஒரு நேரம் கிடைத்தது. நடுங்குகிற விரல்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு மணி இருந்தது. பாதியில் நின்றால் எடுத்துச் சொல்ல பக்கத்தில் ஒரு குரல் இருந்தது.

2019 கல்லறைத் திருநாளுக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். தோட்டத்தின் நடுவில் இருந்த பெரிய சிலுவையின் அடியில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். உறையில் பெயருக்குப் பதிலாக, 'கடலில் இருக்கிறவர்களுக்காக' என்று மருமகள் எழுதினார். மாமியார் மறுக்கவில்லை.

அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அப்படியேதான் நடந்தது. 2022-ல் உறையை எடுத்து வழக்கம்போல் எழுதத் தொடங்கியபோது, மாமியார் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பேரை எழுது மக்களே. பேரில்லாம அவனை ஆண்டவர் எப்படிக் கூப்பிடுவாரு?"

மருமகள் எழுதினார். கை நடுங்கியதால் எழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. மாமியார் அதை வாங்கி, ஒருமுறை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, உறையில் போட்டு ஒட்டினார்.

அன்றிரவும் ஏழு மணிக்கு ஜெபமாலை நடந்தது. கடைசி வேண்டுதலில் ஒரு சொல்லும் மாறவில்லை. கடலில் இருக்கிற எல்லாருக்காகவும்தான் அந்த வீடு வேண்டிக்கொண்டது.